எண்ணாகும் ஓசை

நுழையும்முன்

செவித்திறன் குறைந்த முதியவர் ஒருவர் பேருந்து நிலையத்தில் நிற்கிறார். வண்டிகளின் உறுமலுக்கும் ஊதல் ஒலிக்கும் நடுவே அவருடைய பேத்தி ஊர்ப்பெயர் ஒன்றைச் சொல்கிறாள். அவர் காதுக்குப் பின்னால் அணிந்துள்ள சிறு கருவி அந்தக் கலவை ஒலி முழுவதையும் எண்களாக மாற்றுகிறது. வேண்டியதை உயர்த்தி, வேண்டாததைத் தாழ்த்தி, மீண்டும் ஒலியாக்கிச் செவிக்குள் செலுத்துகிறது. பேத்தியின் உதட்டசைவுக்கும் அவர் கேட்கும் சொல்லுக்கும் இடையே காலவேறுபாடு தெரியாத அளவுக்கு இவை அனைத்தும் விரைந்து முடிந்தாக வேண்டும். அவ்வேலையைச் செய்யும் சில்லுக்கு இலக்கச் சைகைச் செயலி என்பது பெயர். அதன் பிறப்பையும் உள்ளமைப்பையும் இப்பாடம் விளக்குகிறது.

அலையிலிருந்து எண்ணுக்கு

ஒலி என்பது காற்றழுத்தத்தின் ஏற்ற இறக்கம். ஒலிவாங்கி அவ்வேற்ற இறக்கத்தை மின்னழுத்த மாற்றமாகத் தருகிறது. இடையறாது மாறிக்கொண்டே இருக்கும் இம்மின்னழுத்தத்தைத் தொடர் சைகை என்பர். அதனைக் கணிப்பொறி கையாள வேண்டுமாயின், குறிப்பிட்ட கால இடைவெளிகளில் அளந்து, ஒவ்வோர் அளவையும் ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்ள வேண்டும். இவ்வாறு அளப்பது மாதிரியெடுத்தல் எனப்படும். அளந்து குறித்த எண்களின் வரிசையே இலக்கச் சைகை.

எத்தனை முறை அளந்தால் போதும் என்னும் வினா எளியதன்று. இரு அளவுகளுக்கு இடையில் நடந்தது பதிவாகவில்லையே, அது இழப்பாகாதா என்னும் ஐயம் எழுவது இயல்பு. 1928இல் ஹாரி நைக்விஸ்ட் வெளியிட்ட ஆய்வும், 1949இல் கிளாட் ஷானன் தந்த நிறுவலும் இதற்கு விடை கூறின. ஒரு சைகையிலுள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணின் இருமடங்கிற்கும் மேற்பட்ட வேகத்தில் மாதிரியெடுத்தால், அவ்வெண்களிலிருந்தே மூல அலையை முழுமையாக மீட்டுவிடலாம். இடைவெளியில் நடந்தது எதுவும் தொலைந்துபோவதில்லை. தொலைபேசியில் மனிதக் குரலின் அதிர்வெண் ஏறத்தாழ 3,400 ஹெர்ட்சுடன் நிறுத்தப்படுகிறது. எனவே அங்கு நொடிக்கு 8,000 மாதிரிகள் போதுமானவை. மனிதச் செவி உணரக்கூடிய எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்சு. ஆதலால் இசைக் குறுந்தகட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள் பதியப்படுகின்றன.

இவ்விதி மீறப்பட்டால் உயர்ந்த அதிர்வெண், இல்லாத ஒரு தாழ்ந்த அதிர்வெண்ணாக வேடமிட்டு வந்து நிற்கும். திரைப்படத்தில் முன்னோக்கி ஓடும் வண்டியின் சக்கரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தோன்றுவதற்கும் இதுவே காரணம். நொடிக்கு 24 படங்கள் எடுக்கும் ஒளிப்படக் கருவியால் அதைவிட வேகமான ஆரக்கால்களின் ஓட்டத்தைப் பின்தொடர இயலவில்லை.

நொடிக்கு 8,000 மாதிரிகள் எனில், ஒரு மாதிரிக்கும் அடுத்த மாதிரிக்கும் இடையே உள்ள காலம் 125 மைக்ரோநொடி. அந்நேரத்தில் காற்றில் ஒலி கடக்கும் தொலைவு ஏறத்தாழ நான்கு சென்டிமீட்டரே. இச்சிறு பொழுதுக்குள் ஒரு மாதிரிக்கு உரிய கணக்குகள் அனைத்தும் முடிந்துவிட வேண்டும். முடியாவிட்டால் அடுத்த மாதிரி வாசலில் வந்து நிற்கும். அதற்குப் பின்னால் இன்னொன்றும் வந்துகொண்டிருக்கும்.

பெருக்கலும் கூட்டலும்

எண்களாக மாறிய ஒலியை வைத்துக்கொண்டு செய்யப்படும் கணக்கு யாது? அது வியப்பூட்டும் அளவுக்கு எளியது. ஒரு சிறு எடுத்துக்காட்டு அதனைத் தெளிவாக்கும்.

மெதுவாக மாறும் குரல் ஒன்றின் அளவு சிறிது நேரத்திற்கு 8, 8, 8, 8 என்று இருப்பதாகக் கொள்வோம். அதனுடன் வேகமாக மேலும் கீழும் ஆடும் இரைச்சல் ஒன்று +2, −2, +2, −2 எனக் கலக்கிறது. கருவிக்கு வந்து சேர்வது 10, 6, 10, 6 என்னும் வரிசை. குரலும் இரைச்சலும் தனித்தனியே எவ்வளவு என்பது கருவிக்குத் தெரியாது. இப்பொழுது அடுத்தடுத்த மூன்று எண்களை எடுத்து, முறையே கால், அரை, கால் ஆகியவற்றால் பெருக்கிக் கூட்ட வேண்டும். 10, 6, 10 என்னும் மூன்றுக்கு 2.5, 3, 2.5 ஆகியவை கிடைக்கின்றன. அவற்றின் கூட்டுத்தொகை 8. அடுத்த மூன்றான 6, 10, 6 ஆகியவற்றுக்கு 1.5, 5, 1.5 கிடைக்கின்றன. கூட்டுத்தொகை மறுபடியும் 8. இரைச்சல் மறைந்து குரல் மட்டும் எஞ்சிவிட்டது.

இனிப் பெருக்கும் எண்களை மட்டும் மாற்றிப் பார்க்கலாம். கழித்தல் குறியுடன் கால், பின் அரை, மீண்டும் கழித்தல் குறியுடன் கால் எனக் கொண்டால், முதல் மூன்றுக்கு −2.5, 3, −2.5 சேர்ந்து −2 வருகிறது. அடுத்த மூன்றுக்கு −1.5, 5, −1.5 சேர்ந்து +2 வருகிறது. இம்முறை குரல் மறைந்து இரைச்சல் எஞ்சியது. வந்த எண்களும் மாறவில்லை. செய்த வேலையும் மாறவில்லை. பெருக்கிய மூன்று எண்களே மாறின. கெழுக்கள் எனப்படும் அவ்வெண்களே ஒரு வடிப்பானின் உயிர்நிலை.

மின்தடையையும் மின்தேக்கியையும் கொண்டு கட்டிய பழைய வடிப்பானை மாற்ற வேண்டுமாயின் அதனைப் பிரித்து உறுப்புகளை மாற்றிப் பற்றவைக்க வேண்டும். இலக்க வடிப்பானை மாற்றுவதற்கோ நினைவகத்திலுள்ள சில எண்களை அழித்து வேறு எண்களை எழுதினால் போதும். வெப்பத்தாலோ முதுமையாலோ அவ்வெண்கள் தாமாக மாறுவதும் இல்லை.

நடைமுறையில் மூன்று கெழுக்கள் போதா. வேண்டிய ஒலிக்கும் வேண்டாததற்கும் இடையே கூர்மையாக எல்லை வகுக்கப் பல பத்துக் கெழுக்கள் தேவைப்படும். 60 கெழுக்கள் கொண்ட வடிப்பான் ஒன்று தொலைபேசிக் குரலில் இயங்கினால் நொடிக்கு 60 × 8,000, அதாவது 4,80,000 பெருக்கல்களும் ஏறத்தாழ அத்தனை கூட்டல்களும் நிகழ வேண்டும்.

பெருக்கத் தெரியாத செயலிகள்

1970களில் வந்த நுண்செயலிகளுக்குப் பெருக்கல் ஒரு பெருஞ்சுமை. 1976இல் வெளிவந்த இன்டெல் 8085 செயலியில் பெருக்கலுக்கென ஒரு கட்டளையே இல்லை. திரும்பத் திரும்ப இடம்பெயர்த்தும் கூட்டியுமே அது பெருக்க வேண்டியிருந்தது. 1978இல் வந்த 8086 செயலியில் பெருக்கல் கட்டளை இருந்தது. எனினும் 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்க அதற்குக் குறைந்தது 118 கடிகாரத் துடிப்புகள் ஆயின. 5 மெகாஹெர்ட்சு கடிகாரத்தில் அது ஏறத்தாழ 24 மைக்ரோநொடி. ஆகவே ஒரு மாதிரிக்குரிய 125 மைக்ரோநொடிக்குள் அதனால் ஐந்து பெருக்கல்களையே முடிக்க இயலும். 60 பெருக்கல்களுக்கு 1,440 மைக்ரோநொடி வேண்டும். அதற்குள் பதினொரு மாதிரிகள் வந்து போய்விடும்.

8086 குறைபாடுள்ள செயலி என்று இதற்குப் பொருளன்று. கணக்கெழுதவும் கோப்புகளைத் தேடவும் முடிவெடுத்துக் கிளைபிரியவும் அது நன்கு வடிவமைக்கப்பட்டது. ஒரே வகைப் பெருக்கலை ஓயாமல் செய்வது அதற்கு இடப்பட்ட பணியன்று.

பேசிய பொம்மை

இச்சிக்கலுக்கு முதலில் கிடைத்த விடை, ஒரு வேலைக்கு ஒரு சில்லு என்பதாகும். 1978ஆம் ஆண்டு அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் 'ஸ்பீக் அண்ட் ஸ்பெல்' என்னும் குழந்தைகளுக்கான கருவியை அறிமுகப்படுத்தியது. அது ஒரு சொல்லை வாய்விட்டுச் சொல்லும். குழந்தை அதன் எழுத்துகளை அழுத்த வேண்டும். அதனுள் ஒலிநாடா ஏதும் இல்லை. மனிதக் குரல்வழியின் வடிவத்தைப் பத்துக் கெழுக்கள் கொண்ட வடிப்பானாகப் போலச்செய்து, ஒற்றைச் சில்லு அக்குரலை உண்டாக்கியது.

அப்பேச்சுமுறைக்கு நேரியல் முன்கணிப்புக் குறியாக்கம் என்பது பெயர். குரலின் அடுத்த மாதிரியை அதற்கு முன்வந்த சில மாதிரிகளைப் பெருக்கிக் கூட்டியே பெருமளவு ஊகித்துவிடலாம் என்பது அதன் அடிப்படை. இதனை ஜப்பானில் ஃபுமிடாடா இடாகுராவும் ஷூசோ சைட்டோவும், அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பிஷ்ணு அடலும் மான்ஃபிரட் ஷ்ரோடரும் 1960களில் வளர்த்தெடுத்தனர். அடல் இந்தியர், கான்பூரில் பிறந்தவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பயின்று, அங்கேயே விரிவுரையாளராகவும் பணியாற்றிய பின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். இன்றைய கைப்பேசிகளில் குரல் சுருக்கப்படும் முறைகள் பலவற்றின் வேர் அவர்களுடைய ஆய்வுகளில் உள்ளது.

பேசும் பொம்மையின் சில்லு திறமையானதே. ஆயினும் அது பேச மட்டுமே அறியும். தொலைபேசி எதிரொலியை அகற்ற வேண்டுமெனில் மற்றொரு சில்லையும், தொலைவுத் தரவுக்கான மோடத்திற்கு இன்னொரு சில்லையும் முதலிலிருந்து வடிவமைக்க வேண்டும். ஒரு சில்லை உருவாக்கப் பெரும் பொருளும் பல மாத உழைப்பும் செலவாயின. வடிவமைப்பில் ஒரு பிழை நேர்ந்தால் அச்சிட்ட சில்லுகள் அனைத்தும் வீண். நுண்செயலியைப் போல் நிரலால் எவ்வேலைக்கும் பழக்கக்கூடியதாகவும், தனிச்சில்லைப் போல் பெருக்கலில் விரைவானதாகவும் ஒன்று இருந்தாலன்றி இதற்குத் தீர்வில்லை.

முயற்சிகள் ஏறத்தாழ ஒரே காலத்தில் பல இடங்களில் தொடங்கின. 1979இல் இன்டெல் வெளியிட்ட 2920 சில்லில் தொடர் சைகையை எண்ணாக்கும் உறுப்பும் எண்ணை மீண்டும் தொடர் சைகையாக்கும் உறுப்பும் உள்ளேயே இருந்தன. ஆனால் பெருக்கிச் சுற்று இல்லை. அதனால் அது சந்தையில் நிலைபெறவில்லை. அதே ஆண்டில் பெல் ஆய்வகம் உருவாக்கிய செயலி பெரிதும் அந்நிறுவனத்தின் தொலைபேசிக் கருவிகளுக்கே பயன்பட்டது. 1980இல் ஜப்பானின் என்.இ.சி. நிறுவனம் 7720 என்னும் செயலியை வெளியிட்டது. 1983இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் டி.எம்.எஸ். 32010 சந்தைக்கு வந்தது. ஒரு கட்டளைக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் 200 நானோநொடி. பெருக்கலும் அந்த ஒரு கட்டளைக் காலத்துக்குள் முடிந்தது. ஒரு கெழுவுக்கு இரண்டு கட்டளைகள் எனக் கொண்டாலும் 60 கெழுக்களுக்கு 24 மைக்ரோநொடியே ஆகும். எஞ்சிய நூறு மைக்ரோநொடி பிற வேலைகளுக்குக் கிடைத்தது. அதன் தரவு நினைவகத்தில் 144 எண்களுக்கு மட்டுமே இடமிருந்தது என்பதை இன்று நம்புவது கடினம்.

இரண்டு வாசல்கள்

இவ்விரைவு எங்கிருந்து வந்தது? சில்லின் பரப்பில் கணிசமான பகுதியைப் பெருக்கிச் சுற்றுக்கே ஒதுக்கியது முதற்காரணம். ஆனால் வேகமான பெருக்கி மட்டும் இருந்தால் போதாது. அதற்கு இடைவிடாமல் எண்களை ஊட்டிக்கொண்டிருக்க வேண்டும்.

பொதுப்பயன் கணிப்பொறிகள் பலவற்றில் கட்டளைகளும் தரவுகளும் ஒரே நினைவகத்தில் இருக்கும். ஒரே பாட்டையின் வழியாகவே செயலிக்கு வரும். ஒரே வாசல் உள்ள களஞ்சியத்தில் நெல் எடுக்க வந்தவரும் கணக்குப் பார்க்க வந்தவரும் மாறி மாறிக் காத்திருப்பதை இது ஒக்கும். இலக்கச் சைகைச் செயலியில் கட்டளைக்கு ஒரு நினைவகம், தரவுக்கு ஒரு நினைவகம், ஒவ்வொன்றுக்கும் தனிப் பாட்டை என வாசல்கள் இரண்டாயின. ஒரு கட்டளையைக் கொணரும் அதே நொடித்துளியில் பெருக்க வேண்டிய எண்ணும் வந்து சேர்கிறது. 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் நிறுவப்பட்ட மார்க் 1 கணிப்பொறி கட்டளைகளைத் துளையிட்ட காகித நாடாவிலும் எண்களை வேறு உறுப்புகளிலும் வைத்திருந்தது. அதனால் இவ்வமைப்புக்கு ஹார்வர்டு கட்டமைப்பு என்னும் பெயர் நிலைத்தது. பின்வந்த செயலிகள் மாதிரிக்கு ஒன்று, கெழுவுக்கு ஒன்று எனத் தரவுக்கே இரு வாசல்களைத் திறந்தன.

நடவுக் காலத்தில் ஒருவர் நாற்றைப் பறிக்க, மற்றொருவர் முடியாகக் கட்டிச் சுமந்து வர, வேறொருவர் நடுகிறார். மூவரும் ஒரே நேரத்தில் வேலை செய்கின்றனர். ஆனால் வேறுவேறு முடிகளில். செயலியும் ஒரு கட்டளையை நிறைவேற்றும்போதே அடுத்ததைப் பிரித்தறிந்து, அதற்கடுத்ததை நினைவகத்திலிருந்து கொணர்ந்துகொண்டிருக்கிறது. ஒரு தனிக் கட்டளை முடிய ஆகும் நேரம் குறைவதில்லை. எனினும் ஒவ்வொரு துடிப்பிலும் ஏதேனும் ஒரு கட்டளை முடிந்து வெளிவருகிறது.

அறுபது ஆண்டுகளின் சுழற்சி

60 கெழுக்கள் கொண்ட வடிப்பானுக்கு அண்மையில் வந்த 60 மாதிரிகள் எப்போதும் தேவை. புதிய மாதிரி ஒன்று வந்ததும் மிகப் பழையது விலக வேண்டும். எல்லா மாதிரிகளையும் ஓரிடம் தள்ளி வைத்துப் புதியதற்கு இடம்விடுவது ஒரு வழி. ஆனால் கணக்கிடுவதற்காகக் கிடைத்த நேரம் சுமை தூக்குவதிலேயே கழிந்துவிடும்.

தமிழ் ஆண்டுகளின் பெயர்வரிசை இதற்கு நல்லதொரு வழியைக் காட்டுகிறது. பிரபவ முதல் அட்சய வரை அறுபது பெயர்கள். அட்சய முடிந்ததும் அறுபத்தொன்றாவது பெயர் தேடுவதில்லை. மீண்டும் பிரபவ வருகிறது. பெயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நகர்வது நடப்பாண்டைக் காட்டும் குறிமுள் மட்டுமே. செயலியின் வட்ட முகவரி முறையும் அவ்வாறே. மிகப் பழைய மாதிரி இருந்த இடத்தில் புதியதை எழுதிவிட்டுக் குறிமுள்ளை ஓரிடம் நகர்த்தினால் போதும். எல்லையைத் தாண்டும்போது முதலிடத்திற்குத் திரும்புவதை வன்பொருளே பார்த்துக்கொள்கிறது. நிரல் எழுதுபவர் ஒவ்வொரு முறையும் எல்லை வந்துவிட்டதா எனச் சோதிக்கும் கட்டளையை எழுத வேண்டியதில்லை. இத்தகைய ஒரு கட்டளையே ஆயினும், நொடிக்கு 4,80,000 முறை மிச்சமாகும்போது அதன் அருமை விளங்கும்.

தெரியுமா?

ஒலியில் எந்தெந்த அதிர்வெண்கள் கலந்துள்ளன எனப் பிரித்தறியும் கணக்குக்கு ஃபூரியர் உருமாற்றம் என்பது பெயர். 1,024 மாதிரிகளுக்கு அதனை நேரடியாகச் செய்தால் பத்து இலட்சத்திற்கும் மேற்பட்ட பெருக்கல்கள் வேண்டும். 1965இல் ஜேம்ஸ் கூலியும் ஜான் டூக்கியும் வெளியிட்ட விரைவுமுறையில் 5,120 பெருக்கல்களே போதும். அம்முறையில் எண்களின் வரிசை ஒரு விந்தையான ஒழுங்கில் கலைந்துவிடும். எட்டு எண்கள் எனில் 0, 4, 2, 6, 1, 5, 3, 7 என அமையும். ஒவ்வோர் இடத்தின் எண்ணையும் இருநிலை எண்ணாக எழுதி வலமிருந்து இடமாகப் படித்தால் இவ்வரிசை கிடைக்கும். 3 என்பது 011. திருப்பினால் 110, அதாவது 6. 'விகடகவி' என்னும் சொல்லைப் போல இருபுறமும் ஒன்றாகவே படிக்கப்படும் 000, 010, 101, 111 ஆகிய நான்கும் இடம் மாறுவதில்லை. இத்திருப்பத்தைத் தாமே செய்துகொள்ளும் முகவரிச் சுற்றுகள் இலக்கச் சைகைச் செயலிகளில் உண்டு.

முந்திரிக் கணக்கும் நிரம்பிய குடமும்

கெழுக்கள் பெரும்பாலும் பின்னங்களாக இருக்கும். தசமப்புள்ளியை இடம் மாற்றி மாற்றிக் கையாளும் மிதவைப் புள்ளிச் சுற்றுகள் பெரியவை. மின்னாற்றலை மிகுதியாக உண்பவை. அதனால் பல செயலிகள் பின்னங்களையும் முழு எண்களாகவே கையாளுகின்றன. பழந்தமிழ்க் கணக்கில் முந்திரி என்பது 1/320. எல்லா அளவுகளையும் முந்திரியில் எழுதுவதெனில் கால் என்பது 80, காணி என்பது 4. பின்னமே இல்லாமல் கணக்கு நடக்கும். அதுபோலச் செயலி 1/32,768 என்னும் சிறுபகுதியை அலகாகக் கொண்டு அரையை 16,384 என்றும் காலை 8,192 என்றும் எழுதிக்கொள்கிறது. புள்ளி எங்குள்ளது என்பதைச் சில்லு அறியாது. அதனை நினைவில் வைத்திருப்பது நிரல் எழுதுபவரின் பொறுப்பு. இத்துறையில் நேரும் பிழைகளில் பல இங்கிருந்தே பிறக்கின்றன.

மற்றோர் இடரும் உண்டு. 16 பிட்டில் எழுதக்கூடிய மிகப்பெரிய எண் 32,767. அதனுடன் ஒன்றைக் கூட்டினால், சாதாரணச் செயலியில் விடை −32,768 ஆகிவிடும். வண்டியின் தொலைவுகாட்டி எல்லா இலக்கங்களும் ஒன்பதான பின் சுழியத்திற்குத் திரும்புவதைப் போன்றது இது. வங்கிக் கணக்கில் இப்படி நேர்ந்தால் யாரேனும் கண்டுபிடித்துத் திருத்துவர். செவிக்குள் வைத்த கருவியில் நேர்ந்தால் உச்ச ஒலி ஒரு கணத்தில் எதிர்முனைக்குத் தாவி, வெடிபோன்ற ஓசையாகக் காதைத் தாக்கும். ஆதலால் இலக்கச் சைகைச் செயலி நிறைவுக் கணக்கைப் பின்பற்றுகிறது. நிரம்பிய குடத்தில் மேலும் நீர் ஊற்றினால் குடம் நிரம்பியபடியே இருக்குமன்றி வெறுங்குடம் ஆகிவிடாது. விடை எல்லையைத் தாண்டினால் 32,767 என்றே நிற்கும். விடை தவறுதான்; ஆனால் மிகச் சிறிய தவறு. பெருக்கல் விடைகளைத் திரட்டிவைக்கும் பதிவகத்தையும் பல செயலிகள் 40 பிட் அகலத்தில் அமைத்தன. 16 பிட் எண்கள் இரண்டைப் பெருக்கினால் 32 பிட்டுகள் போதும். எஞ்சிய 8 பிட்டுகள் இருப்பதால், அத்தகைய 256 விடைகளை வழிந்தோடல் அச்சமின்றிக் கூட்டலாம்.

காதுக்குப் பின்னால்

இவை அனைத்தும் ஒருங்கே தேவைப்படும் இடம் செவித்துணைக் கருவி. முதுமையால் கேட்கும் திறன் குறைவோர் பலருக்கு முதலில் தேய்வது உயர் அதிர்வெண்களை உணரும் ஆற்றல். உயிரொலிகள் பெரிதும் தாழ்ந்த அதிர்வெண்களில் வலுவுடன் ஒலிக்கும். சகரம் போன்ற மெய்யொலிகளை வேறுபடுத்தும் நுண்ணிய உரசலோ உயர்ந்த அதிர்வெண்களில் மெலிதாக இருக்கும். அதனால் 'பசி', 'படி', 'பணி' ஆகிய மூன்றும் அவர்களுக்கு ஒன்றுபோலவே கேட்கக்கூடும். "சத்தம் கேட்கிறது, சொல்தான் விளங்கவில்லை" என்று முதியவர் கூறுவது பிடிவாதமன்று. துல்லியமான அறிவியல் உண்மை. உரத்துப் பேசுவதால் உயிரொலியே மேலும் உரக்கிறது, மெய்யொலி விளங்குவதில்லை.

ஒருவருடைய செவி எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைந்துள்ளது என அளந்து, அதற்கேற்ப அந்தந்தப் பகுதியை மட்டும் உயர்த்துவதே தீர்வு. இரு மனிதர்களின் செவிக்குறைபாடு ஒன்றுபோல் இருப்பதில்லை. சில்லை மாற்றாமல் கெழுக்களை மாற்றி ஒவ்வொருவருக்கும் பொருத்த முடிவது இங்குதான் பயன்தருகிறது. முழுமையாக இலக்க முறையில் இயங்கும் சிறு செவித்துணைக் கருவிகள் 1996இல் சந்தைக்கு வந்தன. பொத்தானளவே உள்ள, 1.4 வோல்ட்டு தரும் துத்தநாக–காற்று மின்கலம் அதற்கு ஆற்றல் தருகிறது. அச்சிறு கலத்தைக் கொண்டு நாள்கணக்கில் இயங்க வேண்டியிருப்பதால் வேகத்தைவிடச் சிக்கனமே இங்கு முதன்மை பெறுகிறது.

கால எல்லையும் கடுமையானது. அணிந்திருப்பவரின் சொந்தக் குரல் எலும்பின் வழியாக உடனே உட்செவியை அடைகிறது. கருவியின் வழியாக வரும் அதே குரல் பத்து மில்லிநொடிக்கு மேல் தாமதித்தால், தம் பேச்சே எதிரொலிப்பதுபோல் அவருக்குத் தோன்றத் தொடங்கும். சராசரியாக விரைவாக இருப்பது போதாது. ஒவ்வொரு மாதிரிக்கும் உரிய வேலை அதற்குரிய காலத்தில் தவறாமல் முடிய வேண்டும். இதனை நிகழ்நேரச் செயலாக்கம் என்பர்.

கருவியிலிருந்து கசியும் ஒலி மீண்டும் அதன் ஒலிவாங்கிக்குள் புகுந்தால் கூர்மையான சீழ்க்கை எழும். கசியும் ஒலி எத்தகையது என்பது தலையைத் திருப்பும்போதும் தொலைபேசியைக் காதருகே கொண்டுவரும்போதும் மாறிவிடுவதால், நிலையான கெழுக்களால் அதனை நீக்க இயலாது. 1960இல் பெர்னார்டு விட்ரோவும் அவருடைய மாணவர் டெட் ஹாஃப்பும் கண்ட முறை இதற்கு உதவுகிறது. ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் எஞ்சிய பிழையைப் பார்த்துக் கெழுக்களைச் சிறிது சிறிதாகத் தாமே திருத்திக்கொள்ளும் வடிப்பான் அது. இந்த ஹாஃப்தான் பின்னாளில் இன்டெல் நிறுவனத்தின் முதல் நுண்செயலியை வடிவமைத்தவர்களுள் ஒருவர்.

ஆயினும் கருவியின் எல்லையையும் கூற வேண்டும். வண்டியின் சீரான உறுமல் வேறு, மனிதக் குரல் வேறு. அவற்றைப் பிரிப்பது இயலும். திருமண மண்டபத்தில் பலர் ஒருங்கே பேசும்போது வேண்டிய குரலும் வேண்டாத குரலும் அதே அதிர்வெண்களில் கலந்திருக்கும். எக்குரலை ஒருவர் கேட்க விரும்புகிறார் என்பதை வடிப்பான் அறியாது. முதியவர்கள் கூட்டத்தில் கருவியைக் கழற்றி வைத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

உட்செவியின் உணர்செல்களே பழுதுற்றவர்களுக்கு ஒலியை உயர்த்துவது பயன்தராது. அவர்களுக்குச் செவிநத்தை உள்வைப்பு பொருத்தப்படுகிறது. வெளியே அணியும் செயலி ஒலியை அதிர்வெண் பட்டைகளாகப் பிரிக்கிறது. ஒவ்வொரு பட்டையின் வலிமைக்கும் ஏற்ப, உட்செவியில் வைத்த மின்வாய்கள் நரம்பை நேரடியாகத் தூண்டுகின்றன. தமிழ்நாட்டிலும் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் குழந்தைகளுக்கு இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. மொழி கற்கும் பருவம் கடந்துவிடாமல் இளமையிலேயே அதனைச் செய்வது இன்றியமையாதது. உள்ளே பொருத்தியதை எளிதில் மாற்ற இயலாது. ஆனால் ஒலியை மேலும் தெளிவாகப் பிரிக்கும் புதிய முறை கண்டறியப்பட்டால், வெளியே உள்ள செயலியின் நிரலையோ செயலியையோ மாற்றினால் போதும். மறு அறுவை தேவையில்லை.

கைப்பேசிக்குள் கரைந்த செயலி

இரண்டாம் தலைமுறைக் கைப்பேசிகளே இச்செயலிகளைக் கோடிக்கணக்கில் பரப்பின. ஜி.எஸ்.எம். முறையில் குரல் 20 மில்லிநொடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. ஒரு துண்டில் 160 மாதிரிகள் உள்ளன. மாதிரிக்கு 8 பிட் எனத் தொலைபேசி இணைப்பில் அனுப்பினால் 1,280 பிட்டுகள் ஆகும். முன்கணிப்பு முறையால் அவை 260 பிட்டுகளாகச் சுருங்கின. பேசும் பொம்மையில் தொடங்கிய அதே கருத்துதான் இது. 1997இல் வந்த சி6201 செயலி ஒரே துடிப்பில் எட்டுக் கட்டளைகளை நிறைவேற்றியது. 200 மெகாஹெர்ட்சில் அது நொடிக்கு 160 கோடிக் கட்டளைகள் ஆகும்.

இன்று கைப்பேசியைப் பிரித்துப் பார்த்தால் இலக்கச் சைகைச் செயலி தனிச் சில்லாகக் கண்ணில் படுவதில்லை. பல செயலிகள் கூடிய பெருஞ்சில்லின் ஒரு மூலையாக அது மாறிவிட்டது. பெருக்கிக் கூட்டும் கட்டளையைச் சாதாரண நுண்கட்டுப்படுத்திகளும் தமதாக்கிக்கொண்டன. முகத்தை அடையாளம் காணும், பேச்சை எழுத்தாக்கும் செயற்கை நரம்பு வலையமைப்புகளிலும் நடப்பது பெரும்பாலும் வந்த எண்களைக் கெழுக்களால் பெருக்கிக் கூட்டுவதே. அங்குக் கெழுக்கள் மூன்றோ அறுபதோ அல்ல, கோடிக்கணக்கானவை.

கற்பவை கற்றபின்

20, 12, 20, 12, 20 என்னும் வரிசையைக் கால், அரை, கால் ஆகிய கெழுக்களால் வடிகட்டி, கலந்திருந்த குரலின் அளவையும் இரைச்சலின் அளவையும் கண்டறிக. பின்னர் 20, 20, 12, 12, 20, 20 என்னும் வரிசைக்கும் அதே கெழுக்களைப் பயன்படுத்துக. இம்முறை இரைச்சல் முழுமையாக மறையாததற்குக் காரணம் யாது என வகுப்பில் கலந்துரையாடுக.